பத்து வீடு இருந்தாலும் அது ஊர்தான்

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





குடும்பக் கணக்கு எடுக்க வீடு வீடாகப் போகும்போது ஒரு பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். "எங்க பக்கம் இருக்கிறதே பத்து வீடு. அதுலயும் பாதிப் பேர் வெளிநாட்டுல. எங்களை எழுதி என்ன ஆகப்போகுது?" என்கிறார்கள். கோபமாகச் சொல்வதில்லை, சலிப்பாகச் சொல்கிறார்கள். அதற்கு உடனே பதில் சொல்லாமல், இன்று ஓர் ஊரைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தோம். நாம் யாரும் போய்ப் பார்த்திராத ஊர்தான். ஆனால் அங்கே நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நூறு ஆண்டுகளுக்கும் முன்பே பள்ளிவாசல் கட்டித் தொழுதிருக்கிறார்கள். அந்த ஊருக்கு நகராட்சியும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. பெயர் மரீ. ஆஸ்திரேலியா நாட்டின் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் இருக்கிறது.

முதலில் அது எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மாநிலத் தலைநகர் அடிலெய்டிலிருந்து சாலை வழியாக வடக்கே சுமார் 680 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் பாதையில் பத்து நிமிடத்துக்கு ஓர் ஊர் வரும். அந்தப் பாதையிலோ, வடக்கே போகப் போக வீடுகளைக் காண்பதே அரிது. தெற்கே ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர். வடக்கே கட்டி தண்டா என்று பூர்வகுடி மக்கள் அழைக்கும் ஐர் ஏரி. பெயர்தான் ஏரி, பெரும்பாலான ஆண்டுகளில் அது வறண்ட உப்புப் படுகைதான். கடல் மட்டத்தைவிட சுமார் 15 மீட்டர் தாழ்வாகக் கிடக்கிறது. கிழக்கிலும் வடகிழக்கிலும் மணல் பாலைவனங்கள். மரீயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 160 மில்லிமீட்டர் அளவுதான். நம் ஊரில் ஐப்பசியில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடுவதுண்டு.

அப்படிப்பட்ட இடத்தில் ஏன் ஊர் உண்டானது என்று கேட்டால் பதில் ஒரே சொல்: தண்ணீர். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிக்கு அடியில் மிகப் பெரிய நிலத்தடி நீர்ப்படுகை பரந்து கிடக்கிறது. அதன் தென்மேற்கு விளிம்பில் அந்த நீர் தானாகவே ஊற்றுகளாக வெளியே வருகிறது. ஊற்றுகள் வரிசையாக இருக்கும் தடம்தான் பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்த பாதை. அரபானா, டியேரி மக்கள் அந்தப் பகுதிக்கு உரியவர்கள். 1859-இல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற பயணியின் குழுவில் இருந்த டேவிட் ஹெர்காட் என்ற ஜெர்மானியர் அங்கே ஊற்றுகளைக் கண்டார். அவர் பெயரே அந்த இடத்துக்கு வைக்கப்பட்டது. அவர் பெயரில் இரண்டு ரகர எழுத்துகள் உண்டு, ஊர்ப் பெயரில் ஒன்றைத்தான் எழுதினார்கள். ஊரின் பெயரே பிழையோடு பதிவானது. பின்னர் முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் பெயர்களை நீக்கியபோது, மரீ என்ற பெயரே நிலைத்தது.

ஊற்று இருந்ததால் பாதை வந்தது. பாதை இருந்ததால் 1880-களில் தெற்கிலிருந்து ரயில் வந்தது. ரயில் நின்ற இடத்திலிருந்து இரண்டு நீண்ட தடங்கள் பிரிகின்றன. ஒன்று வடகிழக்கே குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் பேர்ட்ஸ்வில் வரை, 517 கிலோமீட்டர். மற்றொன்று வடமேற்கே ஊட்னடாட்டா வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. இன்றும் இவை பெரும்பாலும் மண் பாதைகளே. அந்தக் காலத்தில் ரயிலில் வந்த அரிசி, மாவு, தேயிலை, இரும்புக் கம்பி, தபால் எல்லாம் மரீயில் இறங்கும். அங்கிருந்து உள்நாட்டுப் பண்ணைகளுக்கு யார் கொண்டு போவது? குதிரையும் மாடும் தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஒட்டகம் நடக்கும். அங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

ஒட்டகத்தை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, அதை நடத்தத் தெரிந்தவர்களும் வேண்டும். 1860-இலிருந்து அப்படிப்பட்டவர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். 1866-இல் தாமஸ் எல்டர் என்ற பெரும் பண்ணையாளர் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் சுமார் 30 ஆட்களையும் கப்பலில் வரவழைத்தார். அதற்குப் பின் அறுபது ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்குக் குறையாத பேர் போயிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவர்களில் பஷ்தூன்கள் உண்டு, பலூச்சிகள் உண்டு, பஞ்சாபிகள், சிந்திகள் உண்டு. பெரும்பாலோர் முஸ்லிம்கள். பாதிக்கு மேல் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். ஆனால் அந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரே பெயர்: "ஆப்கான்". சுருக்கி "கான்" என்றார்கள். பின்னாளில் அந்தத் தடத்தில் ஓடிய ரயிலுக்கும் "தி கான்" என்றே பெயர் விழுந்தது.

அவர்களில் பலர் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் போனவர்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுப் போனார்கள். நம் வீடுகளில் கேட்டால் இந்தக் கதை புரியும். "மூணு வருஷம் முடிச்சிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிப் போய், முப்பது வருடம் கழித்து வந்தவர்கள் நம்மிடையே இல்லையா? அவர்களில் சிலர் திரும்பினார்கள். சிலர் சொந்தமாக ஒட்டகம் வாங்கி வியாபாரிகளானார்கள். சிலர் அங்கேயே திருமணம் செய்தார்கள். அரபானா, டியேரி பெண்களையும் ஐரோப்பிய வம்சப் பெண்களையும் மணந்து மரீயில் குடும்பமாக வாழ்ந்தார்கள்.

மரீ ஒரே ஊர்தான். ஆனால் நடுவில் ஓடிய ரயில் பாதை அதை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் வெள்ளையர் வீடுகள், கடைகள், பெரிய ஹோட்டல். மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பூர்வகுடி மக்களும். அந்தப் பக்கத்துக்கு "கான் டவுன்" என்றே பெயர். அவர்கள் தகர வீடுகளில் வாழ்ந்தார்கள். பேரீச்ச மரம் நட்டார்கள். மண்ணைப் பிசைந்து செங்கல் அறுத்து, மேலே கூரை வேய்ந்து, ஒளுச் செய்யப் பக்கத்தில் ஒரு சிறு குளமும் வெட்டி, ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் அதுவும் ஒன்று. மினாரா கிடையாது, குப்பா கிடையாது. நம் ஊரில் வைக்கோல் போட்டு வைக்கும் கொட்டகை அளவுதான் இருக்கும். ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் நடந்து திரும்பியவர்கள் ஜமாஅத்தாக நின்று தொழ அந்த இடம் போதுமானதாக இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரீ அன்றும் சரி, இன்றும் சரி, எந்த உள்ளாட்சி மன்றத்தின் எல்லைக்குள்ளும் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் இப்படித்தான். அங்கே சில ஆயிரம் பேர்தான் வாழ்கிறார்கள். கவுன்சிலர் இல்லை, தலைவர் இல்லை. சாலையை மாநில அரசு பார்க்கிறது. மின்சாரத்தை மாநிலத்தின் தொலைதூரப் பகுதித் திட்டத்தின் கீழ் அங்கேயே உற்பத்தி செய்கிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்கு உதவ மாநில அரசின் ஓர் ஆணையம் உண்டு. ஆனால் ஊரின் அன்றாட வேலைகளைப் பார்ப்பது ஊர் மக்களே கூடி அமைத்த முன்னேற்றச் சங்கம். ஊதியம் இல்லாமல், மாலையில் கூடிப் பேசி, பொது மண்டபத்தையும் மற்றப் பொதுக் காரியங்களையும் கவனித்துக்கொள்கிறார்கள்.

அதாவது, மேலே இருந்து ஆள் வந்து செய்வார் என்று காத்திருந்தால் அந்த ஊரில் எதுவும் நடந்திருக்காது. பள்ளிவாசலும் அப்படிக் கட்டியதுதான். யாரும் அனுமதிப் பத்திரத்தோடு வந்து "இங்கே உங்களுக்கு ஒரு தொழுகை இடம் தருகிறோம்" என்று சொல்லவில்லை.

அவர்கள் தங்கள் ஊரோடு நின்றுவிடவும் இல்லை. 1888, 1889 ஆண்டுகளில் அடிலெய்ட் நகரில் ஒரு கல் பள்ளிவாசல் எழுந்தது. பாலைவனத்தில் உழைத்த ஒட்டகக்காரர்களின் நன்கொடைதான் அதற்கு முக்கிய ஆதாரம். 1903-இல் நான்கு மினாராக்கள் சேர்ந்தன. இன்றும் அங்கே தொழுகை நடக்கிறது. அந்தப் பள்ளியை ஒட்டி சிறு வீடுகளும் கட்டப்பட்டன. உழைத்து ஓய்ந்தவர்கள், குடும்பம் இல்லாதவர்கள், ஊர் திரும்ப முடியாதவர்கள் கடைசிக் காலத்தில் அங்கே தங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்த முஸ்லிம் குடியேறிகள் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தபோது, தலைப்பாகை கட்டிய சில முதியவர்கள் அங்கே காத்திருந்ததைக் கண்டார்கள். கையிலிருந்த பள்ளியை அடுத்த கைக்கு ஒப்படைக்கத்தான் அவர்கள் இருந்தார்களோ என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் மரீயின் பள்ளி என்ன ஆனது?

1901-இல் ஆஸ்திரேலியா ஒரே நாடானது. அதே ஆண்டு, வெள்ளையர் அல்லாதவர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. வருபவருக்கு ஐரோப்பிய மொழி ஒன்றில் சொல்வதை எழுதும் தேர்வு வைக்கலாம், தோற்றால் உள்ளே விடத் தேவையில்லை என்றது சட்டம். எந்த மொழி என்று அதிகாரியே தீர்மானிப்பார். 1903-இல் வந்த இன்னொரு சட்டத்தால் ஆசியாவில் பிறந்தவர்கள் புதிதாகக் குடியுரிமை பெறும் வழியும் அடைபட்டது. ஊரிலிருந்து புதிய ஆட்கள் வருவது குறைந்தது. மனைவியை அழைத்துக்கொள்வது முடியாத காரியமானது. அடுத்து 1920-களில் லாரிகள் வந்தன. ஒட்டகத்துக்கு வேலை இல்லை. 1925-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் திரியும் ஒட்டகங்களை அழிக்கச் சட்டம் வந்தது. தங்கள் கையால் வளர்த்த ஒட்டகங்களைச் சுட மனம் வராமல் பலர் அவற்றைப் பாலைவனத்தில் அவிழ்த்து விட்டார்கள். 1929-இல் ரயில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை நீண்டது. 1980-இல் அந்தப் பழைய ரயில் தடமும் மூடப்பட்டு, வேறு பாதையில் புதிய தடம் போடப்பட்டது. வேலை போன பின் ஆட்கள் போனார்கள். இன்று மரீயில் நிரந்தரமாக வாழ்பவர்கள் நூறு பேர் அளவில்தான்.

மண் பள்ளிவாசல், பராமரிக்க ஆளில்லாமல் விழுந்தது. இப்போது அங்கே நிற்பது, அது எப்படி இருந்தது என்று பயணிகளுக்குக் காட்ட எழுப்பிய மாதிரிக் கட்டடம். பேரீச்ச மரங்கள் சில நிற்கின்றன. ஊருக்கு வெளியே மையவாடி இருக்கிறது. அதிலும் மூன்று பகுதிகள்: ஐரோப்பியர், பூர்வகுடி மக்கள், "ஆப்கான்"கள். நம்மவர்களின் கபுறுகள் கிப்லாவை நோக்கி இருக்கின்றன. பலவற்றில் பெயர்ப் பலகை இல்லை.

சகோதரர்களே, அந்தக் கபுறுகளில் ஒருவரைப் பற்றி மட்டும் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். தர்வேஷ் பேஜா என்று பெயர். பலூச்சிஸ்தானில் பிறந்தவர். 1896-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தைக் கடந்த கால்வர்ட் ஆய்வுக் குழுவில் ஒட்டகங்களை நடத்திச் சென்றார். அந்தப் பயணத்தில் வெள்ளையர் இருவர் தாகத்தால் இறந்தார்கள். ஒட்டகங்களைக் காப்பாற்றிக் குழுவைக் கரை சேர்த்ததில் பேஜாவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று தலைவர் லாரன்ஸ் வெல்ஸ் ஒப்புக்கொண்டு, தம் திசைகாட்டியை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். பேஜா மரீயில் குடியிருந்து, வயதான காலத்தில் பேரீச்சந்தோட்டம் வைத்து, 1957-இல் மறைந்தார். 1939-இல் சிம்ப்சன் பாலைவனத்தை ஆய்வுக் குழு ஒன்று கடந்தபோது அவர் மகன் ஜாக் பேஜா ஒட்டகங்களோடு உடன் போனார்.

இவரை நாம் இன்று பேசக் காரணம், யாரோ எழுதி வைத்ததுதான். அவரோடு நடந்த மற்றவர்கள் குறைந்த வீரர்களா? இல்லை. அவர்களை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு உண்மை இருக்கிறது. கேட்டால் மனம் கனக்கும். இந்த ஒட்டகக்காரர்கள் பலருடைய முகம் இன்று நமக்குப் படத்தில் கிடைக்கிறது. எப்படித் தெரியுமா? 1901 சட்டத்துக்குப் பின், ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்றால் விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதில் முன்பக்கமும் பக்கவாட்டிலும் எடுத்த படம் ஒட்டி, உள்ளங்கை முழுவதையும் மையில் பதிக்க வேண்டும். குற்றவாளிக்குச் செய்வதுபோல. அந்தக் காகிதங்கள் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் பாட்டனார் முகத்தைத் தேடி அங்கேதான் போகிறார்கள். அவர்களை நாட்டுக்குள் விடக் கூடாது என்று எழுதிய பதிவேடு பிழைத்தது. அவர்கள் தங்களைத் தாங்களே எழுதியிருக்க வேண்டிய பதிவேடு பெரும்பாலும் இல்லை.

அதிலும் பெயர்கள் கேட்டவர் காதுக்குத் தோன்றியபடி எழுதப்பட்டன. ஒரே முஹம்மது பத்து விதமாக எழுதப்பட்டிருக்கிறார். அண்ணன் பெயர் ஒன்று, தம்பி குடும்பப் பெயர் வேறு. கிறிஸ்டின் ஸ்டீவன்ஸ் 1989-இல் எழுதிய நூலும், பிலிப் ஜோன்ஸ், அன்னா கென்னி இருவரும் 2007-இல் கொண்டுவந்த நூலும் இந்தச் சிதறல்களைத் தேடித் தேடிச் சேர்த்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைப் பிற்கால அறிஞர்கள் பட்டியலிட்டார்கள். அந்த வேலை நல்ல வேலை. ஆனால் நூறு ஆண்டு கழித்து அந்நியர் செய்ய வேண்டியதாயிற்று.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். "பத்து வீடு, எங்களை எழுதி என்ன?"

மரீயில் உழைப்புக்குக் குறை இல்லை. ஈமானுக்குக் குறை இல்லை. பள்ளி கட்டினார்கள், தண்ணீர் வைத்தார்கள், மரம் நட்டார்கள், வெளியூர்ப் பள்ளிக்கும் வாரி வழங்கினார்கள். சட்டமும் காலமும் அவர்களுக்கு எதிராக நின்றன, அதை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் அடிலெய்ட் பள்ளி நின்றதற்கும் மரீ பள்ளி விழுந்ததற்கும் நாம் காணும் வித்தியாசம் ஒன்று உண்டு. அடிலெய்டில் முதியவருக்குத் தங்க இடம் இருந்தது. அதனால் பள்ளியில் எப்போதும் ஆள் இருந்தார், வருகிறவர் கையில் ஒப்படைக்க முடிந்தது. மரீயில் வேலை தீர்ந்ததும் ஒப்படைக்க ஆள் இல்லை.

நம் சிற்றூர்களிலும் கூட்டம் குறைகிறது. வேலை இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் போகிறார்கள், போகத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளியில் முன் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் அறுபதைக் கடந்தவர்களாக இருக்கிறார்கள். பஞ்சாயத்துப் பட்டியலில் நாம் ஓர் எண் மட்டும்தான். ஆகவே உங்களிடம் நாம் கேட்பது மூன்று.

ஒன்று, கணக்கெடுக்க வரும் நம் பிள்ளைகளிடம் எல்லோர் பெயரையும் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர், திருமணமாகி வேறு ஊர் போன பெண், தனியாக இருக்கும் கைம்பெண், எல்லோரையும். வாப்பா பெயர், பாட்டனார் பெயர், தெரிந்தால் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதையும். எழுத்துப் பிழை இல்லாமல், நீங்களே பார்த்துச் சரிசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டு, மையவாடி. எந்தக் கபுறு யாருடையது என்று இன்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்களோடு ஒரு நாள் நடந்து, ஒரு நோட்டில் குறித்து வைப்போம். கல்லும் சலவைக்கல்லும் வேண்டியதில்லை. ஒரு நோட்டும் ஒரு வரைபடமும் போதும்.

மூன்று, தனியாக இருக்கும் முதியவர்கள். கடைசிக் காலத்தில் ஒருவர் தம் ஊர்ப் பள்ளியின் பக்கத்தில் இருக்க விரும்பினால், அவருக்குச் சோறும் மருந்தும் பேச்சுத் துணையும் கிடைக்க நம் நல நிதியில் தனியாக ஒரு பங்கு ஒதுக்குவோம். அவர்கள் இருக்கும்வரை பள்ளியில் விளக்கு எரியும்.

ஊர் என்பது தலைக்கணக்கு மட்டும் அல்ல. நூறு பேர்கூட இல்லாத மரீயை அரசாங்கம் எந்த மன்றத்திலும் சேர்க்கவில்லை. ஆனாலும் அங்கே வாழ்பவர்கள் கூடி உட்கார்ந்து, "இது நம் ஊர்" என்று சொல்லி அதை நடத்துகிறார்கள். பத்து வீட்டுக்காரர்களும் அப்படிக் கூடினால் அது ஊர்தான்.

பாலைவனத்தில் பெயர் இல்லாத கபுறுகளில் உறங்கும் அந்தச் சகோதரர்களுக்காக இன்று துஆச் செய்வோம். அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரியாது, அல்லாஹ்வுக்குத் தெரியும். நம் முதியவர்களின் பெயர்களை நாம் மறக்காதிருக்க அவன் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.